கழுவிய மண்

சுன்கி தேவியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் அவளுடைய எருக்குவியலைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. இமயமலைச் சரிவில் இருக்கிற எங்கள் தாரோகியில் யார் வீடு பெரியது என்று யாரும் பார்ப்பதில்லை. பனி உருகுகிற மாதத்தில் யார் தொழுவத்துக்கு முன்னால் எரு உயரமாக நிற்கிறது என்று பார்ப்பார்கள். பெண் கொடுக்க வருகிறவர்கள் கூட அந்தப் பக்கம் ஒரு நோட்டம் விட்ட பிறகுதான் செருப்பைக் கழற்றுவார்கள். சுன்கியின் குவியல் அவளை விட இரண்டு முழம் உயரம். அதன் மேல் ஏறி நின்றுகொண்டு ஊரையே திட்டுவாள். திட்டுவதற்கு அதை விட வசதியான இடம் இந்த மலையில் வேறு இல்லை.

நான் தூலே ராம். தையல்காரன், அவளுக்குப் பக்கத்து வீடு. இருபத்தாறு வருடமாக அவள் வாயில் விழுந்து எழுந்துகொண்டிருக்கிறேன். அவளைப் புகழ்ந்து எழுதினால் அவளே வந்து அடிப்பாள், அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். இந்தக் கதையில் எனக்கு மரியாதை கிடையாது. அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

கணவாய்க்கு அந்தப் பக்கத்து ஊரிலிருந்து பத்தொன்பது வயதில் இங்கே கல்யாணமாகி வந்தவள். மாப்பிள்ளை பேலி ராம். நல்லவன் என்பார்கள், அவனைக் குடிக்காத நேரத்தில் பார்த்தவர்கள் குறைவு என்பதால் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சொத்து என்று மூன்று படிக்கட்டு வயல், இரண்டு மாடு. வயல் வரப்பெல்லாம் மரம். வால்நட், காட்டு சர்க்கரைப் பாதாமி, ஆல்டர், ஒரு பெரிய எல்ம். மாமனார் வைத்தது பாதி, சுன்கி வைத்தது பாதி, மொத்தம் பத்தொன்பது. எல்ம் தழையை வெட்டிக் காய வைத்தால் பனிக்காலம் முழுக்க மாடு தின்னும். மற்ற மரங்களின் இலை உதிர்ந்ததும் கூட்டி அள்ளித் தொழுவத்தில் மாட்டுக்கு மெத்தையாகப் போடுவாள். நாலு மாதம் மாடு அதன் மேல் செய்ய வேண்டியதைச் செய்யும். வசந்தத்தில் அது வயலுக்குப் போகும்.

"மரம் மாட்டுக்குப் போடுது, மாடு வயலுக்குப் போடுது, வயலு மரத்துக்குப் போடுது. நடுவுல சுமக்கிற கழுதை மட்டும் நானு" என்பாள்.

அந்தக் கழுதை சுமந்து சுமந்து வயலை எப்படி வைத்திருந்தாள் என்றால், மழைக்கு முன்னால் ஊர் முழுக்கச் சோளம் சுருண்டு கிடக்கும்போது அவளுடையது மட்டும் இன்னும் இரண்டு வாரம் பச்சையாக நிற்கும். அவள் வயலில் நடந்தால் கால் புதையும். அவளுடைய கொழுந்தன் கூபே ராமின் நிலம் அதற்கு நேர் கீழே. அவன் பதினைந்து வருடத்துக்கு முன்பே வரப்பு மரங்களை எல்லாம் வெட்டிவிட்டு ஆப்பிள் வைத்தான், மூட்டை மூட்டையாக வெள்ளை உரம் கொட்டினான். இப்போது அந்த மண்ணில் மண்வெட்டி போட்டால் கோயில் மணி மாதிரி சத்தம் வரும். கூபே ராம்தான் எங்கள் ஊர்த் தெய்வமான தேவதாவுக்குச் சாமியாடியும். அதனால் அவன் மண்ணைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை, சுன்கியைத் தவிர.

பேலி ராம் செத்தது அந்த எல்ம் மரத்திலிருந்து விழுந்து. ஐப்பசியில் தழை வெட்ட ஏறினான், வயிறு நிறைய அரிசிக் கள்ளோடு. மகன் ஹேத்ராமுக்கு அப்போது பதினொரு வயது. அந்தச் சாபம் பிடித்த மரத்தை வெட்டிப் போடு என்று ஊரே சொன்னது. "மரம் தள்ளி விடல. அந்தாளு கொண்டுபோன கள்ளு தள்ளிவிட்டுச்சு. வெட்டணும்னா கள்ளுப் பானைய ஒடைங்க, மொதல்ல உங்க வீட்டுல இருந்து ஆரம்பிங்க" என்றாள். எல்லோரும் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போனோம். அடுத்த வருடம் அவளே அந்த மரத்தில் ஏறித் தழை வெட்டினாள்.

ஹேத்ராம் மறக்கவில்லை. இருபத்தெட்டு வயதில் ஆப்பிள் பெட்டி ஏற்றுகிற வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான், ஊர் ஊராகப் போய்ப் புதுத் தோட்டங்களைப் பார்த்தான். கம்பி கட்டி நெருக்கி நெருக்கி வைக்கிற குட்டை ஆப்பிள். மூன்றாம் வருடமே காய்க்கும். அதற்கு நிழல் ஆகாது. பத்தொன்பது மரமும் போக வேண்டும் என்று அம்மாவிடம் ஒரு வருடமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். அவன் பேசியது ஆப்பிளைப் பற்றித்தான், ஆனால் எல்ம் மரத்தடியில் போகும்போது அவன் தலை நிமிர்ந்து நான் பார்த்ததே இல்லை.

எரு சுமக்கிற நாட்களில்தான் சண்டை முற்றியது. இங்கே எரு சுமக்கக் கூலி கிடையாது. ஒரு நாள் ஒரு வீடு என்று ஊரே போகும். ஆளுக்கொரு கில்ட்டாக் கூடையை முதுகில் கட்டிக்கொண்டு தொழுவத்துக்கும் வயலுக்கும் நடை. எந்த வேலைக்கு அழைத்தாலும் வீட்டுக்கொரு ஆள் போயே ஆக வேண்டும். வீட்டுக்காரர்கள் நெய் ஊற்றிய சித்துக் கொழுக்கட்டை போட வேண்டும், சுமக்கிறவர்களின் கேலியைக் கேட்டுக்கொள்ள வேண்டும். அன்று யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது என்பது முறை.

சுன்கி வீட்டு முறை வந்த நாளில் வேளாண் கல்லூரியிலிருந்து சந்தேல் மேடம் வந்திருந்தார். வீட்டுக்கு வீடு மண் வாங்கிக்கொண்டு போய்ச் சோதிக்கப் போவதாகச் சொன்னார். மண்ணுக்கு எவ்வளவு பலம் என்று காகிதத்தில் எழுதி அனுப்புவார்களாம். சுன்கி அவரைப் பிடித்து உட்கார வைத்துச் சித்து போட்டாள். மேடம் மெலிந்த உடம்பு, ஆனால் ஐந்து சித்து உள்ளே போனது. சுன்கிக்கு அந்த நிமிடமே அவர் மேல் பாசம் வந்துவிட்டது.

ஹேத்ராம் இதுதான் சமயம் என்று ஆரம்பித்தான். "மேடம், நீங்களே சொல்லுங்க. வரப்பு பூரா மரம் நின்னா நெலத்துல பலம் எப்படி இருக்கும்? எல்லாத்தயும் மரமே உறிஞ்சிடாதா?"

"மண்ணப் பாக்காம எப்படிப்பா சொல்றது?" என்றார் மேடம்.

கூபே ராம் நெய் வடிகிற கையோடு நடுவில் புகுந்தான். "மதினி, பையன் சொல்றதக் கேளு. என் தோட்டத்தப் பாரு."

"பாத்தேன் பாத்தேன். வருசத்துல நாலு நாள் சாமி வந்து நீ ஆடுற. உன் மண்ணுல ஒரு மண்புழுவாவது ஆடுதா?"

சிரிப்பு அடங்குவதற்குள் ஹேத்ராம் எழுந்து நின்றான். "அம்மா, நீயும் வேணாம் நானும் வேணாம். காகிதம் சொல்லட்டும். மண்ணு நல்லாருக்குனு வந்தா நான் மரத்தத் தொட மாட்டேன், இனிமே பேச மாட்டேன். மோசம்னு வந்தா பத்தொன்பதும் போகணும். எல்லார் முன்னாடியும் சொல்லு."

"சொல்றேன்டா! என் மண்ணு மோசம்னு ஒரு காகிதம் சொல்லிட்டா நானே வந்து ரம்பத்துக்கு ஒரு பக்கம் பிடிக்கிறேன்" என்றாள் சுன்கி. ஊரே சாட்சி. தேவதாவின் வாசலில் சொன்ன மாதிரிதான்.

மண் போடுவதற்கு முப்பத்தெட்டு துணிப் பை தைத்தது நான். ஒரு சாண் ஆழத்தில், பத்து இடத்தில் எடுத்து, கலந்து, கல் புல் பொறுக்கிவிட்டு அரைக் கிலோ போடுங்கள் என்று மேடம் சொல்லிவிட்டுப் போனார். இரண்டு நாள் கழித்து சுன்கிக்குப் பை கொடுக்கப் போனேன். அவள் ஊற்றுத் தொட்டியில் முழங்கை வரை நனைந்து எதையோ அலசிக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, மண்ணயா கழுவுற?"

"இல்ல, உன் மூஞ்சிய. பாத்தா தெரியல?"

"மண்ணப் போயி யாராவது கழுவுவாங்களா?"

"ஏன்டா, கோதுமையக் கழுவாம யாராவது மில்லுக்கு அனுப்புவாங்களா? தேவதாவுக்கு அரிசி போடும்போது கல்லோட, புழுவோட போடுவியா? என் வீட்டுல உக்காந்து அஞ்சு சித்து சாப்பிட்ட பொண்ணு. அவ கையில சாணியும் மக்குன இலையுமா அள்ளிக் குடுக்கிறது? ஊரு சிரிக்காது?"

கூரைக் கற்பலகை மேல் ஏற்கெனவே ஒரு பங்கு காய்ந்துகொண்டிருந்தது. மூன்று தண்ணீர் கழுவி, மாவு சல்லடையில் சலித்து, மிச்சம் இருந்த கருப்புத் துணுக்குகளை அரிசியில் கல் பொறுக்குவது போல உட்கார்ந்து பொறுக்கியிருந்தாள். பளபளவென்று பொன் நிறத்தில் இருந்தது. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. இந்த மலையில் வளர்ந்தவன் எவனுக்கும் அப்படித்தான் படும். விருந்தாளிக்குக் கொடுக்கிற தானியத்தைக் கழுவாத வீட்டில் நாங்கள் தண்ணீர் கூடக் குடிக்க மாட்டோம்.

வீட்டுக்கு வந்து என் பையைக் கையில் எடுத்த பிறகுதான் யோசித்தேன். முடிவுகளைக் கோயில் முற்றத்தில் எல்லோர் முன்னாலும் படிப்பார்களாம். என் நிலம் மொத்தமே ஒரு போர்வை அகலம், அதுவும் சரளை. ஆகவே நான் பொழுது சாயும்போது தேவதாவின் காட்டுக்குப் போனேன். அந்த தேவதாரு மரங்களுக்கு அடியிலிருந்து ஒரு இலை, ஒரு சுள்ளி எடுக்கக் கூடாது. எடுத்தால் அபராதம், ஆட்டுக்கடா, ஊர்ச் சாப்பாடு, அதற்கு மேல் அவமானம். எத்தனையோ தலைமுறையாக யாரும் கூட்டாத இடம், கையை விட்டால் மணிக்கட்டு வரை கருப்பாக இறங்கியது. பையை நிரப்பிக்கொண்டு வந்துவிட்டேன். ஆங்காங்கே மண்ணில் வேறு புதுக் குழிகளும் இருந்தன. காட்டுப் பன்றி என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்றரை மாதத்தில் காகிதம் வந்தது. கூபே ராம் முற்றத்தில் நின்று, சாமி வராமலேயே சாமி வந்த குரலில் படித்தான். ஒவ்வொரு வீட்டுக்கும் கரிமச் சத்து என்று ஒரு எண். நாலு, நாலரை, ஐந்து. அவனுடையது ஐந்தே கால், ஊரிலேயே அதிகம். என்னுடையது நாலு புள்ளி எட்டு. அந்தச் சரளை நிலம் ஒரு மணி நேரத்துக்கு எனக்கே பெருமையாக இருந்தது.

"சுன்கி தேவி" என்று படித்து, கொஞ்சம் நிறுத்தி, எல்லோரும் திரும்புகிற வரை காத்திருந்தான். "புள்ளி மூணு. மிக மிகக் குறைவு."

"கரிமச் சத்துனா என்னடா அது?" என்று கேட்டாள் சுன்கி.

"கரி மதினி, கரி. நெறைய இருந்தா நல்லதுனு போட்டிருக்கு."

"கரிதானா வேணும்? அடுப்புல கெடக்கே. கேட்டிருந்தா கூடை நெறைய அள்ளிக் குடுத்திருப்பேனே."

ஊரே சிரித்தது. அவளும் சிரித்தாள். அவள் முகம் மட்டும் சிரிக்கவில்லை. எரு மேட்டிலிருந்து முப்பத்தொன்பது வருடம் எல்லோர் மண்ணையும் திட்டியவள், இப்போது அத்தனை பேர் மண்ணுக்கும் கீழே. ஹேத்ராம் ஜெயித்தவன் மாதிரி இல்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "விடும்மா, அப்புறம் பேசிக்கலாம்" என்றான்.

"என்னத்த அப்புறம்? சொன்ன சொல்லு சொன்னதுதான். ஆளக் கூப்பிடு, பத்தாம் தேதி வெட்டலாம்" என்று எழுந்து போய்விட்டாள்.

ஒன்பதாம் தேதி நான் கோட்டுக்கு உள்துணி வாங்கக் கீழே பஞ்சார் டவுனுக்குப் போனேன். பஸ் நிறுத்தத்து டீக்கடையில் சந்தேல் மேடம் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் கூப்பிட்டார்.

"தையல்காரரே, உங்க ஊர் ஆளுங்க என்ன வெளையாட்டு வெளையாடுறீங்க? முப்பத்தெட்டு பையில முப்பத்தேழு காட்டு மண்ணு மாதிரி இருக்கு. கல்லூரிப் பசங்க என்கிட்ட காட்டாமலே காகிதத்த அனுப்பிட்டாங்க. அத விடுங்க. அந்த சுன்கி அம்மாவோட பை மட்டும் எனக்குப் புரியல. ஆத்து மணல் மாதிரி இருக்கு. அந்த வயல்ல நான் நடந்திருக்கேன், காலு புதைஞ்சுது."

"அது வந்து மேடம், அவங்க கழுவிட்டாங்க."

"என்னத்த?"

"மண்ண. மூணு தண்ணி."

மேடம் டீ கிளாஸைக் கீழே வைத்தார். நெற்றியில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சிரித்தாரா அழுதாரா தெரியவில்லை. "மக்குன இலை, சாணி, வேரு, அந்தக் கருப்பு. அதத்தான்யா நாங்க அளக்கிறோம். மண்ணுல மரமும் மாடும் சேத்து வெச்சது எவ்வளவுனு பாக்கிறதுதான் அந்தச் சோதனையே. அவங்க சொத்தத் தண்ணியில விட்டுட்டுக் கல்லுப் பொடிய அனுப்பியிருக்காங்க." வேலை இருப்பதாகவும், அடுத்த வாரம் தானே வந்து எல்லா நிலத்திலும் மறுபடி மண் எடுப்பதாகவும் சொன்னார். எந்த இடத்தில் எடுத்தீர்கள் என்று ஒவ்வொருவரையும் கேட்கப் போகிறாராம்.

மறுநாள் காலையில் மரம் வெட்டு. இதை மேடத்திடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அன்று சாயங்காலமே ஊருக்குத் திரும்பினேன், சுன்கியின் வாசலைத் தாண்டித்தான் என் வீட்டுக்குப் போக வேண்டும். தாண்டிப் போனேன். ஒரு நூலை இழுத்தால் கோட்டு முழுக்கப் பிரிந்துவிடும் என்பது என் தொழில் எனக்குச் சொல்லிக் கொடுத்தது. அவள் பையைப் பற்றிப் பேச்சு வந்தால் என் பையைப் பற்றியும் வரும். தேவதாவின் பல்லக்கைத் தொட்டுச் சத்தியம் செய்யச் சொல்வார்கள். ஒரு ஆட்டுக்கடா என்ன விலை என்று எனக்குத் தெரியும். சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன், தூக்கமும் வந்தது. அதுதான் இப்போது நினைத்தாலும் கேவலமாக இருக்கிறது.

மரம் வெட்டுவதும் கூட்டு வேலைதான். அழைத்தால் போயே ஆக வேண்டும். போனேன். சுன்கி சொன்ன சொல் மாறாமல் ரம்பத்தின் ஒரு பக்கம் பிடித்தாள். மறுபக்கம் பிடிக்க ஹேத்ராம் என்னைத்தான் கூப்பிட்டான்.

முதலில் ஒரு ஆல்டர் விழுந்தது. பிறகு இன்னொன்று. பிறகு பாதாமி, அது பூத்திருந்தது. சுன்கி அடுத்த மரத்துக்கு நடந்தாள். ரம்பத்தை இழுக்கும்போது அவள் முகம் எனக்கு நேர் எதிரே இருந்தது. ஒவ்வொரு இழுப்புக்கும் இப்போது சொல்லிவிடலாம் என்று நினைப்பேன், அவள் இழுப்பாள், நான் இழுப்பேன். கூபே ராம் வரப்பில் உட்கார்ந்து எந்த மரம் என்ன விலைக்குப் போகும் என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

நாலாவதாக அந்த எல்ம். அதற்கு மட்டும் ஹேத்ராம் எங்கள் இரண்டு பேரையும் விலகச் சொல்லிவிட்டு, கயிறு கட்டி, வேரை வெட்டிச் சாய்த்தான். அடி மண்ணோடு சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு விழுந்தது. விழுந்த சத்தம் அடங்கியதும் பார்த்தால், அந்தக் குழியில் மண் கருகருவென்று ஆள் இடுப்பு ஆழத்துக்கு இருந்தது. மண்புழு நெளிந்தது. ஹேத்ராம் குனிந்து கையை விட்டான், முழங்கை வரை உள்ளே போனது. எடுத்து முகர்ந்தான்.

"இதுவா புள்ளி மூணு?" என்றான், யாரிடமும் இல்லாமல்.

அப்போதுதான் என் வாய் திறந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். கழுவியது, மேடம் சொன்னது, என் பையில் இருந்தது எங்கே எடுத்த மண் என்பது. நான் தேவதா காட்டைச் சொன்னதும் சுற்றி நின்றவர்களில் பாதிப் பேர் தொண்டையைச் செருமினார்கள், காட்டுப் பன்றி என்று நான் நினைத்த குழிகளுக்குச் சொந்தக்காரர்கள் யார் யார் என்று தெரிந்துபோனது.

"உனக்கு எப்ப தெரியும் மாமா?" என்று கேட்டான் ஹேத்ராம்.

"நேத்து."

அவன் கிடந்த மரங்களைப் பார்த்தான். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. என்னை அடிப்பான் என்று நினைத்தேன். ரம்பத்தைத் தூக்கி வரப்புக்கு அந்தப் பக்கம் வீசினான். "போதும். நிறுத்துங்க. மிச்சம் எதையும் தொடாதீங்க."

"ஏன் நிறுத்தணும்?" என்றாள் சுன்கி. "காகிதம் மோசம்னு சொல்லுச்சு. நான் சொல்லு குடுத்தேன். கழுவினவ நானு. எடு ரம்பத்த."

"அம்மா, அந்தக் காகிதம் உன் மண்ணப் பத்தி ஒண்ணுமே சொல்லல. நீ எவ்வளவு நல்லா கழுவுவேனு மட்டும் சொல்லியிருக்கு."

சுன்கி சிரித்தாள். வாய் விட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே எல்ம் மரத்தின் மேல் உட்கார்ந்தவள், அப்படியே அழ ஆரம்பித்தாள். பேலி ராம் செத்த அன்று மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள், அன்று கண் கலங்கி நான் பார்க்கவில்லை. இப்போது எங்கள் எல்லோருக்கும் முன்னால், முந்தானையை வாயில் வைக்காமல், சத்தமாக அழுதாள். ஹேத்ராம் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகில் கை வைத்தான். நாங்கள் கோடாலிகளைத் தூக்கிக்கொண்டு கலைந்தோம்.

அபராதத்தைத் தேவதாவே தீர்க்கட்டும் என்று முடிவானது. பல்லக்கை வெளியே எடுத்தார்கள், தாரை ஊதினார்கள், கூபே ராமுக்குச் சாமி வந்தது. முடியை விரித்துப் போட்டு ஆடினான்.

"என் காட்டுல கை வெச்சவன் யாரு? முன்னால வா!"

நான் முன்னால் போய் விழுந்தேன். என் பின்னால் இன்னும் பதினேழு பேர் வந்து விழுந்தார்கள். சாமி கொஞ்சம் தடுமாறியது, இவ்வளவு கூட்டத்தை அது எதிர்பார்க்கவில்லை.

கூட்டத்துக்கு நடுவிலிருந்து சுன்கியின் குரல் வந்தது. "சாமி, ஒரு சந்தேகம். மண்வெட்டி போட்டா மணி அடிக்கிற நெலத்துல அஞ்சே கால் எப்படி வந்துச்சு? உன் ஆளு அவன் பைய எங்க நெரப்பினான்னு அதையும் சொல்லிட்டு ஆடு."

கூபே ராமின் நடுக்கம் நின்றது. ஒரு கண் மட்டும் திறந்து கூட்டத்தைப் பார்த்தது. பிறகு மறுபடி, முன்னை விட வேகமாக, ஆட்டம் வந்தது. "அறியாம செஞ்சீங்க! ஊருக்கே சேத்து ஒரே ஒரு ஆடு! மன்னிச்சேன்! மன்னிச்சேன்!" என்று சொல்லி சாமி அவசரமாக மலை ஏறிவிட்டது. தாரைக்காரனுக்கு ஊதி முடிக்கக் கூட நேரம் கிடைக்கவில்லை. ஆட்டுக்கு என் பங்கு ஒரு கால் விலை கூட வரவில்லை. இதற்குப் பயந்துதான் நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

சந்தேல் மேடம் அடுத்த வாரம் வந்து தன் கையாலேயே குழி போட்டு மண் எடுத்தார். இந்தத் தடவை சுன்கியைத் தண்ணீர்ப் பக்கமே விடவில்லை. புதுக் காகிதத்தில் அவளுக்கு நாலு புள்ளி ஒன்று. ஊரில் வேறு யாரும் இரண்டைத் தொடவில்லை. கூபே ராமுக்கு என்ன வந்தது என்று அவன் இன்று வரை சொல்லவில்லை. ஹேத்ராம் பதினைந்து மரத்தையும் விட்டுவிட்டான். வெயில் விழுகிற ஒரு ஓரத்தில் பத்துக் குட்டை ஆப்பிள் வைத்தான், அம்மாவின் எருவைப் போட்டு. அவள் மறுக்கவில்லை.

எனக்குத்தான் தண்டனை முடியவில்லை. சுன்கி என்னைத் திட்டுவதை நிறுத்திவிட்டாள். நேரில் வந்தால் வழி விடுவாள். துணி தைக்க வேண்டுமென்றால் ஹேத்ராமிடம் கொடுத்தனுப்புவாள். எரு மேட்டில் ஏறி ஊரில் ஒவ்வொருவன் பெயரையும் சொல்லி ஏசுவாள், என் வீடு வரும்போது தாண்டி அடுத்த வீட்டுக்குப் போய்விடுவாள். பத்து மாதம். ஒரு கெட்ட வார்த்தை கூட இல்லாமல் பத்து மாதம் பக்கத்து வீட்டில் வாழ்ந்து பாருங்கள்.

பனி கொஞ்சம் உருகியிருந்த ஒரு காலையில் மேலேயிருந்து குரல் கேட்டது. "டேய் வெளங்காதவனே! செத்துட்டியா இருக்கியா? கடப்பாரைய எடுத்துக்கிட்டு மேல வாடா!"

ஊசியை அப்படியே துணியில் குத்தி வைத்துவிட்டு ஓடினேன். எனக்கு வந்த சந்தோஷத்தை எழுத வெட்கமாக இருக்கிறது. வயலில் அவள் நாலு கன்றோடு நின்றிருந்தாள்: இரண்டு ஆல்டர், ஒரு பாதாமி, சுண்டு விரல் கனத்தில் ஒரு எல்ம். பழைய குழிகளுக்குப் பக்கத்தில் புதுக் குழி போடச் சொன்னாள். போட்டேன். தோண்டத் தோண்டத் திட்டினாள், பத்து மாத பாக்கியையும் சேர்த்து. எல்ம் கன்றைக் கடைசியாக வைத்தோம். அவள் பிடித்துக்கொள்ள நான் மண்ணைத் தள்ளினேன்.

"இது ஏறித் தழை வெட்டுற அளவுக்கு வளர இருவத்தஞ்சு வருசம் ஆகும்" என்றாள். "எனக்கு அம்பத்தெட்டு. நான் ஏற மாட்டேன்."

நான் கன்றைச் சுற்றி மண்ணை மிதித்து இறுக்கினேன்.

"நீ ஏறு. ஏறி வெட்டி என் மாட்டுக்குப் போடு."

"அக்கா, எனக்கும் அம்பத்தொண்ணு ஆச்சு."

"நீ இருப்ப" என்றாள் சுன்கி, கன்றிலிருந்து கண்ணை எடுக்காமல். "பயந்தாங்கொள்ளிங்கல்லாம் ரொம்ப நாள் இருப்பாங்க."

நான் சரி என்றேன்.